வேகத்தைப் புரிந்துகொள்ளும் பிரிவு

எதிர்வீட்டில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவு பாதி திறந்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார், அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சுவரில் யார் படமும் இல்லை. நெட் கம்பெனிக்காரன் மாட்டிவிட்டுப் போன மோடம்தான் இருந்தது. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு ஆரஞ்சாகிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்கக்கா," என்றாள் அவள். "இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டு வருது."

நான் ஒன்றும் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடத்தான் மூடினேன், கிளம்பவில்லை.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் இந்தப் பயம் விளங்கும். எங்கேயோ ஒரு கூட்டம் நடக்கும், யாராவது மேடையில் பேசுவார்கள். இவர் வீட்டில் இருந்தபடி காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, பேச்சு ஓட ஓடத் தட்டச்சு செய்வார். காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் அது எழுத்தாக ஓடும். அதனால் எங்கள் குடியிருப்பில் அவருக்கு அடிவரி என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்காதீர்கள், நிலைத்துவிட்டது.

விரல் என்னவோ பறக்கும். ஆனால் லைன் படுத்துக்கொண்டால் விரல் என்ன செய்யும்? அங்கே பேச்சு போய்க்கொண்டே இருக்கும், அடியில் ஒன்றுமே இருக்காது. அவருடைய ஆபீசில் அதற்கு வெற்றிடம் என்று பெயர். எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்களாம், வெற்றிடத்தைப் பொறுக்க மாட்டார்களாம். இரண்டு முறை எச்சரித்தாகிவிட்டது. இன்னொரு வெற்றிடம் விழுந்தால் வேலை போய்விடும். அவள் வேலைபார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையை மூடிவிட்டார்கள். ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவது அடிவரியின் பத்து விரலால்.

லைனோ காலையில் குதிரை மாதிரி ஓடும், திடீரென்று நொண்டும், கெஞ்சினால் எழுந்திருக்காது, விட்டுவிட்டுப் போனால் தானாக எழுந்து ஓடும். அடிவரி நெட் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"புகார்ப் பிரிவை மூடிட்டோம் சார்," என்றது ஒரு குரல்.

"ஏங்க?"

"புகார் நிறைய வந்துது சார். இப்ப எதிர்பாராத வேக மாற்றங்களைப் புரிந்துகொள்ளும் பிரிவுதான் இருக்கு. நீங்க நேர்ல வந்து புரிஞ்சுக்கணும். வரும்போது எதிர்வீட்டுக்காரங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

"அவங்க எதுக்கு?"

"உங்க வேகம் குறையும்போது யாரோட வேகமோ கூடியிருக்கணுமே சார்."

கூப்பிடாத இடத்துக்கே போகிறவள் நான். கூப்பிட்டால் விடுவேனா? புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆபீஸ் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. மெத்தை போட்ட நாற்காலிகள். முப்பது பேர் உட்கார்ந்திருந்தும் ஒரு இருமல் இல்லை. சுவரில் பெரிய எழுத்தில், 'இங்கே நீங்கள் காத்திருப்பது தாமதம் அல்ல' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர். "புரிஞ்சுடுச்சு, புரிஞ்சுடுச்சு," என்று யாரும் கேட்காமலே ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு போனார். அடிவரி என் புடவைத் தலைப்பைப் பிடிக்காத குறைதான்.

புரிதல் அலுவலர் சின்ன வயதுக்காரர். தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்பது போன்ற குரல்.

"உக்காருங்க சார். பயப்படாதீங்க. பயந்தா விரல் நடுங்கும், வேலை கெடும், அதுக்கும் எங்களைத்தான் சொல்வீங்க."

"லைன் திடீர் திடீர்னு விழுது சார்."

"விழல சார். கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வேகம் ஒரு தடவைகூட விழுந்ததில்ல. உங்க எதிர்பார்ப்பு ஏறியிருக்கு. மேல ஏறி நின்னு பாத்தா எல்லாமே கீழ விழுந்த மாதிரிதான் தெரியும்."

"என் வீட்டுல மட்டும் ஏன் சார் இப்படி?"

"அப்படியெல்லாம் உங்களைத் தனியா நடத்துவோமா? ஒரு வீட்டுக்குப் போட்ட லைன்ல ஒரு தெருவையே குடி வெச்சிருக்கோம். இவ்வளவு சிக்கனமா வேற யார் நடத்துறாங்க, சொல்லுங்க?"

"அப்ப... அதுதானே சார் காரணம்?"

"அது சாதனை சார். காரணம் வேற. வெளியில இருக்கிற கம்பி, கம்பம், பெட்டி எல்லாம் எங்க சொத்து. எங்க சொத்துல குறை வராது. அப்ப காரணம் உங்க வீட்டுக்குள்ளதானே இருக்கணும்? தேடிக் கண்டுபிடிங்க."

"கிடைக்கலன்னா?"

"சமன்படுத்திடுவோம்."

"அப்படின்னா?"

"வேகத்தை அடியிலேயே வெச்சிடுவோம். உசரம் இருந்தாத்தானே சார் விழறதுக்கு? அதுக்கப்புறம் ஆயுசுக்கும் எதிர்பாராத மாற்றமே வராது. இப்ப ஒரு பெரியவர் போனாரே, பாத்தீங்களா? நிம்மதியாப் போறார்."

அடிவரி எழுந்து நின்று கும்பிட்டார். "வேணாம் சார். மாறட்டும் சார். அது பாட்டுக்கு மாறிட்டே இருக்கட்டும்." எதைப் போக்க வந்தாரோ அதையே பிச்சையாகக் கேட்டார். நோயாளி ஆஸ்பத்திரியில் காய்ச்சலைத் திருப்பிக் கேட்பதை அன்றுதான் பார்த்தேன்.

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "உங்க வேகம் எப்படிம்மா?"

"எனக்கென்ன சார், ராஜா மாதிரி ஓடுது," என்றேன். என் வீட்டில் படம் பாதியில் நின்று, கதாநாயகன் வாயைப் பிளந்தபடி நான் சமைத்து முடிக்கும்வரை காத்திருப்பான். அதை அங்கே சொல்ல நான் என்ன பைத்தியமா?

மறுநாளே ஒரு பரிசோதகர் கருவியோடு வந்தார். அவர் கருவியைச் செருகியதும் வேகம் கூரையைத் தொட்டது.

"பாத்தீங்களா? நான் வந்தா எப்படி ஓடுது! வேகத்துக்கும் ஆள் தெரியும்மா," என்றார் அவளிடம். அறையைச் சுற்றிப் பார்த்தார். "அந்த பீரோ இரும்பா? எடுத்துடுங்க. அலை முட்டிக்குது."

பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்து நடைபாதையில் வைத்தார்கள். பரிசோதகர் படியிறங்கிய உடனே விளக்கு ஆரஞ்சாயிற்று. மறுபடி கூப்பிட்டால், வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"பீரோ இத்தனை வருஷம் நின்ன தடம் சுவத்துல இருக்குங்க. ஆறணும்."

சுவர் ஆறும்வரை சும்மா இருக்க முடியுமா? அடுத்து நிலைக்கண்ணாடி. கண்ணாடி அலையைத் திருப்பி அனுப்பிவிடுமாம். அப்புறம் மீன் தொட்டி, அது என் வீட்டுக்கு வந்தது. அந்த மீன்கள் என்னை இன்றுவரை சந்தேகமாகத்தான் பார்க்கின்றன. அதன்பிறகு இரும்புக் கட்டில். கடைசியில் அந்த வீட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மோடம், இரண்டு பயந்த மனிதர்கள். குதிகால் தரையில் படாமல் நடந்தார்கள். தும்மல் வந்தால் அவள் ஓடிவந்து என் வீட்டில் தும்மிவிட்டுப் போவாள். வேகம் மட்டும் தன் இஷ்டத்துக்கு விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

மறுபடி கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை அவளையும் அழைத்து வரச் சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டார்களா என்பது ஞாபகம் இல்லை, ஆட்டோவில் இடம் இருந்தது.

அலுவலர் சுவர் அகலத் திரையில் நெட் வேகத்தைக் காட்டும் ஒரு கோட்டை ஓடவிட்டார். மலையும் பள்ளமுமாக இருந்தது.

"இது உங்க வீடு சார்," என்றார் அன்பாக. "இந்தச் செவ்வாய்க்கிழமை பாருங்க. ரெண்டு அறையில ரெண்டு படம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கல. இதோ இங்க ஒரு படம்தான். சமாதானம் ஆயிட்டீங்க. எங்க பிரிவுல எல்லாருக்கும் சந்தோஷம்."

எனக்கு வயிறு எரிந்தது. எதிர்வீட்டில் குடியிருந்துகொண்டு எனக்கே தெரியாத சண்டை! இவன் யார், எந்த ஊர்க்காரன், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தபடி எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறான். எரிச்சல் அடங்கியதும்தான் உறைத்தது. என் வீட்டுக் கோடும் எங்கோ ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா?

"போன மாசக் கடைசிலேர்ந்து ஒரு சரிவு தெரியுது," என்றார் அலுவலர். "ஒரே சீரான சரிவு. உங்க வீட்டுல தண்ணி கூடிட்டே வருது சார்."

"மீன் தொட்டியத்தான் எடுத்துட்டோமே!"

"அது இல்ல சார். மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி. தண்ணியில அலை நின்னுடும். வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வர்றாங்கன்னா, தண்ணியும் சேந்து வரும்." எழுந்து அடிவரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார்."

"எதுக்கு?" என்றார் அடிவரி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உறுதியானதும் சொல்லலாம்னு இருந்தேங்க," என்றாள் புருஷனிடம், உதடு அசைவது தெரியாமல்.

"அம்மா தேடின வார்த்தைங்களை வெச்சுப் பாத்தா உறுதிதான் சார்," என்றார் அலுவலர். "எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும். இனிப்புகூடச் சாப்பிட்டுட்டோம்."

அடிவரி முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதி வழியில் நின்று, வேறு ஏதோவாக மாறியது. மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"காரணம் கிடைச்சாச்சு," என்றார் அலுவலர். "இனிமே உங்க வேலை நேரத்துல அம்மா வீட்டுக்குள்ள இருக்க வேணாம். மாசம் ஆக ஆக தூரத்தைக் கூட்டிக்கலாம்."

"நாங்க ஒத்துக்கலன்னா?"

"சமன்படுத்திடுவோம் சார்." குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்றிலிருந்து அவர் காதில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் முதுகாவது தெரியட்டும் என்று. "தண்ணி குடிக்கிறியா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அக்கா, நெஜமாவே என்னாலதான் குறையுதா?" என்றாள்.

"சேச்சே! நீ இங்க ஒக்காந்திருக்கும்போதும்தானே குறையுது?"

"இங்கேர்ந்தும் போகுமோ என்னவோ. சுவர் மெல்லிசுதானே." இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். படித்த பெண்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. பெரிய அரங்கில் கம்பெனித் தலைவர் பேசுகிறார், ஊரெல்லாம் நேரடியாகப் பார்க்கலாம். அடியில் எழுத்து ஓடவிடும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிவரி என் வாசலுக்கு வந்து நின்றார்.

"இதுல வெற்றிடம் விழுந்தா வேலையும் போச்சு, லைனும் போச்சு," என்றார். "கை இப்பவே மரத்துப் போச்சுக்கா."

"ஒண்ணும் ஆகாதுங்க. போய் ஒக்காருங்க," என்றாள் அவள்.

அவர் போனார். நாங்கள் இருவரும் என் கைப்பேசியில் பார்த்தோம். அது வேறு கம்பெனி இணைப்பு, அதனால் ஓடியது.

தலைவர் கையில் காகிதமே இல்லாமல் மணிக்கணக்காகப் பேசுகிறவர் என்று பெயர். காலடியில் ஒரு கண்ணாடித் திரை இருக்கும், வார்த்தை அதில் வந்துகொண்டே இருக்கும், அவர் படித்துக்கொண்டே இருப்பார் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் திரைக்கும் இதே கம்பெனி லைன்தான்.

"நண்பர்களே! வேகம் என்பது..." என்றார் தலைவர்.

அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. என் கைப்பேசிதான் நின்றுவிட்டது என்று அதை ஒரு தட்டுத் தட்டினேன். இல்லை. அவருக்குப் பின்னால் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டைப் பார்த்தேன். சுவரில் விளக்கு ஆரஞ்சு. அடிவரியின் முதுகு விறைத்திருந்தது, விரல்கள் அந்தரத்தில் நின்றன. தலைவர் பேச்சை நிறுத்திவிட்டது அவருக்கு எப்படித் தெரியும்? காதில் குரல் வரவில்லை, அவ்வளவுதான். லைன் செத்துவிட்டது, அங்கே பேச்சு ஓடுகிறது, அடியில் வெற்றிடம் ஓடுகிறது என்றுதானே நினைப்பார்?

விரல்கள் இறங்கின. குரல் வரத்தான் அகலமான வழி வேண்டும், எழுத்து எறும்பு மாதிரி எந்த இடுக்கிலும் புகுந்து போய்விடும். என் கைப்பேசியில், தலைவரின் காலுக்குக் கீழே ஓடியது: 'வேகம் ஒருபோதும் விழுந்ததில்லை. உங்கள் எதிர்பார்ப்புதான் ஏறியிருக்கிறது.' புரிதல் பிரிவில் காதில் போட்டதையெல்லாம் மனிதர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

அரங்கில் தலைவருக்கு எதிரே, பெரிய திரையில் அதே எழுத்து ஓடியிருக்கிறது. எதிரில் எழுத்து ஓடினால் படித்தே பழகிய மனுஷன். முகம் மலர்ந்தது.

"வேகம் ஒருபோதும் விழுந்ததில்லை!" என்று முழங்கினார். "உங்கள் எதிர்பார்ப்புதான் ஏறியிருக்கிறது!"

கைதட்டல்.

"ஒரு வீட்டுக்குப் போட்ட லைனில் ஒரு தெருவையே குடிவைத்திருக்கிறோம்!"

கைதட்டல் கிளம்பியது. முன்வரிசையில் சிலர் யோசித்துவிட்டு நிறுத்தினார்கள்.

"எங்கள் சொத்தில் குறை வராது. ஆகவே உங்கள் வீட்டுக்குள் தேடச் சொன்னோம். பீரோவை வெளியே வைத்தார்கள். மீன் தொட்டியை வெளியே வைத்தார்கள்."

மனப்பாடம் தீர்ந்துவிட்டது என்பது அடிவரியின் தோள் ஆடியதிலேயே தெரிந்தது. ஆனால் நிறுத்தினால் வெற்றிடம். விரல் தேடித் தேடி, கைக்குக் கிடைத்ததை எடுத்து வைத்தது.

"என் மனைவி எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்," என்றார் தலைவர், வானம் இடிக்கிற குரலில்.

முன்வரிசையில் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி இடமும் வலமும் பார்த்தார்.

"அவள் மாசமாக இருக்கிறாள். அது எனக்குத் தெரிவதற்கு முன்னால் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது."

அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவள் தண்ணீர் அல்ல. அவள் உள்ளே இருந்தால் வேகம் குறையும் என்றார்கள், வெளியே அனுப்பினேன். வேலை போய்விடும் என்று அனுப்பினேன். இப்போதும் அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது."

அரங்கில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு மனம் திறந்து எந்தத் தலைவரும் பேசியதில்லையாம். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் எழுந்துவிட்டாள். புருஷன் வாய் திறந்து சொல்லாததை எவனோ ஒரு பெரிய மனுஷன் தொண்டையில் கேட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் நடைபாதையைக் கடந்து தன் வீட்டுக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருப்பேனா?

அவளைப் பார்த்ததும் அடிவரி காதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டார். "ஏன் உள்ள வந்த? வேகம்..."

"நகருங்க," என்றாள். நாற்காலியை இழுத்து, மோடத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். அவர் தன் நாற்காலியையும் எடுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் போன் அவருடைய ஆபீசிலிருந்து. பேச்சும் எழுத்தும் ஒரு எழுத்துகூட விலகவில்லையாம், சரித்திரத்திலேயே இப்படி நடந்ததில்லையாம். வேலை உறுதி. தலைவர் இனித் தன் பேச்சுக்கெல்லாம் இவர்தான் வேண்டும் என்றுவிட்டாராம். அடிவரிக்கு "சரிங்க, சரிங்க" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அதை வைப்பதற்குள் அடுத்த போன். தூங்கும் குழந்தையை எழுப்பாத அந்தக் குரல். எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வாழ்த்துகள் சார். தலைவர் ரொம்ப நெகிழ்ந்துட்டார். சமன்படுத்தல் கிடையாது உங்களுக்கு. ஆனா அதே சூழ்நிலையைக் காப்பாத்தணும்னு உத்தரவு. அதே வேகம், அதே பயம், அம்மா வெளியில. ஆமா, அம்மா உள்ள வந்துட்டாங்க போலிருக்கே? இங்க தெரியுது."

நான் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"எதிர்வீட்டம்மாவும் இருக்காங்க. மூணு பேர். அதான் சரியுது. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுங்க சார். இல்லன்னா எல்லாத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து புரிஞ்சுக்க வேண்டியிருக்கும்."

என் ஒரு கால் வாசலுக்கு வெளியே போய்விட்டது, அதை நான் ஒளிக்கப்போவதில்லை. அவள் அடிவரியின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மூணு இல்ல சார். நாலு பேர். யாரும் வெளிய போகல. எழுதிக்குங்க."

வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துவைத்தேன். விளக்கு எங்கள் தலைக்கு மேல் சிமிட்டிக்கொண்டிருந்தது. போனில் யாரோ நிதானமாகத் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.